நாதஸ்வரக்காரருக்கு ஒரு மாலை, பிள்ளைகளுக்கு வண்டிக்காசு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்துப் பட்டணத்தில், மூத்த நாதஸ்வரக்காரர் ஒருவருக்கு விழா எடுக்கலாம் என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்தின் பாதி நேரம் யார் பொன்னாடை போர்த்துவது என்பதிலேயே போய்விடும். அவர் எவ்வளவு நேரம் வாசிப்பார், தவிலுக்கு யார், அவர்களுக்கு என்ன சம்பளம் என்ற கேள்விகள் கடைசி வாரத்தில்தான் தலைகாட்டும். அதே மேடையில் பிள்ளைகளின் மருத்துவத்துக்கு நிதி திரட்டுவதாக முடிவானால், எந்தச் செலவுக்கு அந்தப் பணம் என்பதும் கடைசிக்குத்தான் தள்ளப்படும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வாசிப்பும் வண்டிக்காசும் முதலில் முடிவாகட்டும். பொன்னாடைக்கு அவசரமில்லை.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுவதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை வாசித்தவர் அவர். தோட்டம் கைமாறி, லயங்கள் என்ற வரிசை வீடுகள் இடிந்து, சனங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போன பிறகும், இடம் மாறிய கோயிலுக்குச் சைக்கிளிலும் மோட்டாரிலும் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு போனவர். இன்று பல கோயில்கள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை பெர்மிட்டில் கலைஞர்களை அழைத்துக்கொள்கின்றன. வருகிறவர்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர்க்காரர் கிரகப்பிரவேசத்துக்கும் சீர்வரிசை ஊர்வலத்துக்கும் மட்டும் என்று ஒதுங்கிப்போனார். உட்கார்ந்து ஒரு ராகத்தை விரித்து வாசிக்க அவருக்கு மேடையே கிடைப்பதில்லை. ஆகவே அவருக்கு ஊர் செய்யக்கூடிய பெரிய மரியாதை, குறுக்கே யாரும் பேசாத 75 நிமிடம்.

சம்பளத்தில் ஆரம்பிப்போம். "தர்ம காரியந்தானே, வாசித்துக் கொடுங்கள்" என்று கேட்கவே கூடாது. ஒலிபெருக்கிக்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் காசு கொடுத்துவிட்டு, யாருக்காக விழாவோ அவரை மட்டும் இலவசமாக வாசிக்கச் சொல்வது மரியாதை ஆகாது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேர் மேடையில் இருப்பார்கள். ஒவ்வொருவரின் சம்பளத்தையும் தனித்தனி உறையில் போட்டு, வாசிப்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் தாளம் போடும் பையனுக்குக் கடைசியில் மிஞ்சுவது சாப்பாடு மட்டும். பொற்கிழி என்பது வேறு. அது சம்பளத்துக்கு மேல் வருவது, சம்பளத்துக்குப் பதிலாக வருவதல்ல. அவராகவே அதில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் நிதிக்குக் கொடுத்தால் அது அவர் விருப்பம். மேடையில் வைத்து அப்படி எதிர்பார்ப்பதுபோல் யாரும் பேசிவிடக் கூடாது.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வரும்? பதில் நம் கோயில் வழக்கத்திலேயே இருக்கிறது. பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒருவர் உபயம் எடுப்பதுபோல, இங்கே செலவுகளைப் பிரித்து உபயமாக விடுங்கள். மேள உபயம், ஒலிபெருக்கி உபயம், வேன் உபயம், தேநீர் உபயம், மண்டப உபயம் என்று ஐந்தாறு கடைக்காரர்களும் குடும்பங்களும் ஏற்றுக்கொண்டால், டிக்கெட்டில் வரும் ஒவ்வொரு வெள்ளியும் (ரிங்கிட்டும்) பிள்ளைகளுக்குத்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். "செலவு போக மீதி" என்று டிக்கெட்டில் அச்சடித்தால் யாருக்கும் நம்பிக்கை வராது, அந்த மீதி எவ்வளவு என்று கேட்கவும் முடியாது. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களின் சிறு தொகைகளைச் சேர்த்துத்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். சின்னக் காசு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கைத் திறந்து காட்டினால் போதும்.

இனிப் பிள்ளைகள். நிதி என்றதும் எல்லோர் மனத்திலும் அறுவைச் சிகிச்சைதான் வருகிறது. நம் நாட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குப் பொது வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தோட்டத்துக் குடும்பத்தை முறிப்பது இந்தக் கட்டணம் இல்லை. அந்த 5 வெள்ளிச் சீட்டு வாங்குகிற இடத்துக்குப் போய்வருவதும், போகும் நாளில் இழக்கும் கூலியும்தான்.

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வருவது தனிப் பயணம். இருதயக் குறையோடு பிறந்த பிள்ளையைக் கோலாலம்பூரில் இருக்கும் தேசிய இருதயக் கழகத்துக்கு அனுப்பினால் அது 200 கிலோமீட்டருக்கு மேல். நூறு குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் இருதயக் குறையோடு பிறப்பதால், ஒரு பட்டணத்தில் எந்த வருடமும் இப்படிச் சில குடும்பங்கள் இருக்கத்தான் செய்யும். தாய் வார்டில் தங்குவாள். தகப்பன் எங்கே தூங்குவான்? வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் அனுப்புவது? மருந்துச்சீட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது.

தாலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். வருடத்துக்கு 13 முதல் 17 முறை. ஒவ்வொரு முறையும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் முழு நாள், பெற்றோரில் ஒருவருக்குக் கூலி போகும். ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேண்டும். ஊசிவழி மருந்தானால், சின்ன பம்ப் ஒன்றை இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுக்குக் குறையாமல் மாட்டியிருக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறது. மாதம் 120 சோதனைப் பட்டைகள். இன்சுலின் மருத்துவமனையில் கிடைத்தாலும், பட்டைகளைப் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் காசு இல்லாதபோது நான்கு முறை இரண்டாகும். அப்போதுதான் இராத்திரியில் சர்க்கரை இறங்குவது தெரியாமல் போகிறது.

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளையின் கதை இன்னும் நுட்பமானது. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். அந்தக் காலத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், கூட்டமான பஸ்ஸில் ஏற்ற முடியாது. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் காலை விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து ஏற்றியாக வேண்டும். தாமதம் உயிருக்கே ஆபத்து. இரவு ஒரு மணிக்குச் செம்பனைக் காட்டு நடுவிலிருந்து வண்டி எங்கே கிடைக்கும்? ஒரு ஊர் திரட்டும் பணம் மிகச் சரியாகப் பொருந்தும் இடம் இதுதான். பெரிய அறக்கட்டளைகள் இருதய வால்வுக்குப் பணம் கொடுக்கும், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியும் விலையுயர்ந்த கருவிகளுக்கு உதவும். இரவு ஒரு மணி வண்டிக்கு யாரும் மனுப் பாரம் வைத்திருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரமோ குடியுரிமைப் பத்திரமோ இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அதே வார்டு, அதே மருந்து, பல மடங்கு பில். நிதிக் குழு இதற்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கட்டும். பத்திரம் எடுக்கும் வேலைக்குப் போய்வரும் செலவையும் இதில் சேர்க்கலாம்.

யாருக்குக் கொடுப்பது என்பதைக் குழு தானே முடிவுசெய்யக் கூடாது. செய்தால் தலைவரின் உறவுக்காரர் பிள்ளைக்குப் போனது என்ற பேச்சு வரும், உண்மையோ பொய்யோ. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. குடும்ப வருமானத்தை விசாரித்துப் பரிந்துரைப்பது அவர்கள் வேலை. நிகழ்ச்சிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அங்கே போய்ப் பேசி, எந்த வகைச் செலவுகளுக்கு மற்ற உதவிகள் எட்டவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் டிக்கெட்டில் என்ன அச்சடிப்பது என்று முடிவாக வேண்டும். பிள்ளையை மேடையேற்றுவதும், மொட்டைத் தலையோடு இருக்கும் படத்தைப் பதாகையில் போடுவதும் வேண்டவே வேண்டாம். கூட்டம் உருகும், பணமும் கூடும், ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

சட்டக் காரியங்களை எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்கினால் பிரச்சினை இல்லை. கடை கடையாகவோ தெருவிலோ உண்டியல் குலுக்க, 1947ஆம் ஆண்டின் வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிப்பது பற்றிய சட்டத்தின்கீழ் காவல் துறையின் உரிமம் வேண்டும். மண்டபத்துக்குள் டிக்கெட் விற்பனை மட்டும் என்றால் இது வேறு விஷயம், ஆனால் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். டிக்கெட் போட்டால் 1953ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம் வருகிறது. விலையில் 25 விழுக்காடு வரை போய்விடக்கூடும். அறநிகழ்ச்சிக்கு விலக்குக் கேட்கலாம், ஆனால் டிக்கெட் விற்கத் தொடங்குமுன் கேட்க வேண்டும். நகராண்மைக் கழகத்தின் கேளிக்கை உரிமத்தையும் மாவட்டக் காவல் நிலையத்துக்கான கடிதத்தையும் சேர்த்தே பாருங்கள். பள்ளி மண்டபம் என்றால் தலைமையாசிரியரின் வாய்ச்சொல் போதாது, கல்வி இலாகாவின் எழுத்து ஒப்புதலும் கையில் இருக்கட்டும்.

வரி விலக்கு ரசீது பற்றித் தெளிவு வேண்டும். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே அதைக் கொடுக்க முடியும். அப்படி ஓர் அமைப்போடு கைகோத்தால், பெரிய தொகை தருகிறவர்கள் தங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். அங்கீகாரம் இல்லாத கோயில் கமிட்டியின் ரசீதைக் காட்டி "வரி கழியும்" என்று சொல்வது ஏமாற்று வேலை. தெரியாமல் சொன்னாலும் அதேதான். தியாகராஜரின் கிருதிகளுக்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம். சினிமாப் பாட்டு வாசிப்பதானால் இசைப் படைப்பாளர்களின் உரிமைக் கழகத்திடம் மேடை உரிமம் பெற வேண்டும். தவிலுக்கு ஒரு கோயிலில் பெர்மிட்டில் இருக்கும் கலைஞரை அழைக்க நினைத்தால், அந்தப் பெர்மிட் எந்த இடத்துக்கு, எந்த வேலைக்கு என்று பார்க்காமல் மேடையேற்றக் கூடாது. மாட்டிக்கொள்வது அவர்தான், கமிட்டி அல்ல.

இப்போது ஒலி. இத்தகைய நிகழ்ச்சிகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 300 பேர் உட்காரும், தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் கொண்ட மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒலிபெருக்கியே ஏறக்குறைய வேண்டாம். கல்யாணத்துக்கு வரும் ஒலிபெருக்கிக்காரர் பழக்கத்தில் அணசுக்கு, அதாவது குழாயின் விரிந்த கீழ்வாய்க்கு, நேரே மைக்கை ஒட்டி வைப்பார். நாதஸ்வரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் விரல் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் வருகிறது. ஏழு விரல் துளைகளுக்குக் கீழே மெழுகடைத்துச் சுருதி சரிசெய்யும் ஐந்து துளைகளும் உண்டு. மைக்கை அணசில் வைத்தால் சில சுரங்கள் காதைக் கிழிக்கும், சில காணாமல் போகும். குழாயின் நடுப்பகுதியைப் பார்த்து, மூன்றடிக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். தவிலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரையடி தள்ளி ஒவ்வொன்று. விரல்கூடு போட்டு வாசிக்கும் வலப்பக்கமான வலந்தலை தானாகவே தெளிவாகக் கேட்கும், ஆகவே அதன் அளவைக் குறைத்து, பூவரசங்கழியால் அடிக்கும் இடப்பக்கமான தொப்பிக்குக் கொஞ்சம் கூட்டினால் சமன்படும். சுருதிப் பெட்டிக்கு மட்டும் வாசிப்பவர் பக்கம் திரும்பிய ஒரு சிறு ஸ்பீக்கர் கட்டாயம். அது கேட்காவிட்டால் இரண்டு நாதஸ்வரமும் மெல்ல மெல்ல விலகும். எதிரொலியைக் குறைக்க, பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் கோயில் பந்தல் துணிகளைத் தொங்கவிடுவது, வாடகைக்கு எடுக்கும் எந்தக் கருவியைவிடவும் பயன் தரும்.

குளிர்சாதன மண்டபம் வசதிதான். ஆனால் காற்று குளிர்ந்தால் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கும், தவில் தோலின் இறுக்கமும் மாறும். வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்பே அதே மண்டபத்தில் வைத்து, பிறகு சுருதி சேர்த்தால் பாதித் தொல்லை தீரும். வெளியில் மழை பெய்தால் தோல் ஈரம் உறிஞ்சித் தளரும். இன்றைய தவில்களில் போல்ட்டு நட்டு இருப்பதால் முடுக்கிக்கொள்ளலாம், ஸ்பேனரை மட்டும் மறக்காதீர்கள். தப்பும் உறுமியும் வருவதானால் தோல் காய்ச்ச இடமும் தீயும் வேண்டும். மண்டப வாசலிலிருந்து தள்ளி, தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

முன்வரிசையில் பிள்ளைகளை உட்கார வைக்கும் பழக்கத்தை விடுங்கள். தவிலுக்குப் பக்கத்தில் 100 டெசிபெல் எட்டுவது சாதாரணம். அந்த அளவில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம் என்று தொழில்நலக் கணக்கு சொல்கிறது. பிள்ளைகளின் சுகாதாரத்துக்கான நிகழ்ச்சியில் அவர்கள் காதைக் கெடுக்கக் கூடாது. முதல் வரிசை மேடையிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். உறுமி மேளப் பையன்கள் வாசலில், திறந்த வெளியில் கூட்டத்தை வரவேற்கட்டும். அவர்களில் பலர் இந்த மூத்தவரிடமே தாளம் கற்றவர்களாக இருப்பார்கள். மண்டபத்துக்குள் உறுமி ஒலித்தால், பிறகு நாதஸ்வரத்தின் மெல்லிய பிடிகள் யார் காதிலும் ஏறாது.

மின்சாரம்: 1000 வாட் விளக்கு நான்கை ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டினால் 17 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக் தாங்காது. கேண்டீனில் தண்ணீர் சுடவைக்கும் கெண்டி மட்டும் 9 ஆம்பியர் இழுக்கும். ஒலி ஒரு சுற்று, விளக்கு இன்னொரு சுற்று, சமையல் மூன்றாவது சுற்று என்று பிரிக்காவிட்டால், ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது இருட்டாகிவிடும். ஏப்ரல் மேயிலும் அக்டோபரிலும் மேற்குக் கரையில் பின்னேர இடிமழை தினமும் வரலாம், தகரக் கூரையில் அது அடிக்கும் சத்தத்தில் எதுவும் கேட்காது. தை மாதத்தில் தைப்பூசமும் முகூர்த்தமும் சேர்ந்து மேளக்காரர்களே கிடைக்கமாட்டார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் திருவிழாக்கள் உண்டு. நாள் குறிக்குமுன் முதலில் கேட்க வேண்டியது அவருடைய நாட்குறிப்பைத்தான், பிரமுகருடையதை அல்ல.

சனிக்கிழமை இரவு நல்லது, மறுநாள் வேலை இல்லை. ஏழரைக்கு வாசலில் உறுமி. எட்டு மணிக்கு மாலை மரியாதை, இரண்டு பேச்சு, ஆளுக்கு ஐந்து நிமிடம். எட்டரையை ஒட்டிப் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும்போது அமைதியாக இருந்துவிட்டு, எட்டே முக்காலுக்கு நாதஸ்வரம். மல்லாரியில் தொடங்கட்டும், தனி ஆவர்த்தனத்துக்கு 15 நிமிடம், பத்து மணிக்கு மங்களம். அதற்குள் எந்தப் பிரமுகர் வந்தாலும் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லக் கூடாது, நாற்காலிக்கு அழைத்துப்போனால் போதும். நாதஸ்வரக்காரரைக் கடைசி நிகழ்ச்சியாகப் போட்டால் பத்தே முக்காலுக்குக் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

வயதான வித்துவானுக்கு மூச்சும் பல்லும்தான் மூலதனம். முன்பல் ஆடினாலே, வாயில் வைத்து ஊதும் சீவாளியின் பிடி போய்விடும். பக்கத்தில் வாசிக்கும் சீடர் நீண்ட பிடிகளைத் தாங்கிக்கொள்ளட்டும். எதை வாசிப்பது என்று அவரே சொல்லட்டும், ரசிகர் கேட்பார்கள் என்று பட்டியல் நீட்ட வேண்டாம். மேடை ஏறுமுன் இருபது நிமிடம் தனி அறையில் சீவாளியைப் பதப்படுத்த விடுங்கள். இளஞ்சூடான தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் லட்டும் ஐஸ் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டுவது அன்பால் செய்யும் கெடுதல், தூள் சீவாளிக்குள் போனால் ஒலி அடைத்துக்கொள்ளும். கீழே உட்கார முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அகலமான தாழ்ந்த பலகை போடுங்கள். அவர் சம்மதித்தால் முழு வாசிப்பையும் நல்ல தரத்தில் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்கு அன்றைக்கே கொடுங்கள்.

தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து திரும்ப விடும் வண்டி இல்லையென்றால் மண்டபம் நிறையாது. 40 பேர் ஏறும் பள்ளிப் பஸ் மூன்று, இரண்டு நடை. திரும்பும் நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள், கிழவிகள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். 300 பேருக்குத் தேநீர் என்றால் 45 லிட்டர், தேயிலை முக்கால் கிலோவுக்கு மேல், பால் டின் பதினைந்துக்குக் குறையாமல்.

டிக்கெட் 20 வெள்ளி, மாணவருக்கு 5. இருபது சீட்டு கொண்ட புத்தகங்களாக எண்ணிட்டு அச்சடித்து, யாரிடம் எந்த எண்கள் என்று எழுதி வாங்குங்கள். விற்காததை இரண்டு நாள் முன்பே திருப்பி வாங்க வேண்டும். பணம் தொலைவது உண்டியலில் இல்லை, திரும்பி வராத டிக்கெட் புத்தகங்களில்தான். கைப்பேசியில் பணம் செலுத்தும் டுயிட்நாவ் கியூஆர் குறியீடு வைத்தால் அமைப்பின் கணக்காக இருக்கட்டும், தனியாள் கணக்கு வேண்டாம். வேறு யாரும் மேலே தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிடவில்லை என்று அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். இரவே மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, தொகையை எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, மறுநாள் காலையில் கோயில் அறிவிப்புப் பலகையிலும் பள்ளி வாசலிலும் ஒட்டிவிட வேண்டும்.

பிறகு கொடுக்கும் வேலை. மொத்தமாக ஒரு காசோலையைப் பெரிய அட்டையில் எழுதிப் படமெடுத்து முடித்துவிடாதீர்கள். சமூகப்பணிப் பிரிவு பரிந்துரைத்த குடும்பங்களுக்கு மாதாமாதம், பயணத்துக்கு இவ்வளவு, பட்டைக்கு இவ்வளவு என்று ஆறு மாதமோ ஒரு வருடமோ போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் இல்லாத கணக்கு அதே பலகையில் ஏறட்டும். இரவு வண்டிக்கு, கார் வைத்திருக்கும் நம்பகமான நான்கு பேரிடம் பேசி, முறை போட்டு, எண்ணெய்ச் செலவும் ஓட்டுக்கூலியும் நிதியிலிருந்து என்று எழுதிக் கொடுங்கள். அவர்களின் தொலைபேசி எண்களும் 38 டிகிரி என்ற எண்ணும் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்று, சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதவின் உட்பக்கத்திலும், காய்ச்சல்மானி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.